வீரரின் வெற்றியும் ரசிகரின் நினைவும்

சைக்கிள் நமக்குப் புதிய பொருள் அன்று. பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத் தோட்டங்களில் விடியற்காலையில் பால்வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு வெளிக்காட்டுக்குப் போனதும், பின்னால் பிள்ளையை உட்காரவைத்துத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டு விட்டதும் இந்த இரண்டு சக்கரங்கள்தாம். 2007ஆம் ஆண்டில் ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறியது. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. சைக்கிள் நின்ற இடங்களில் மோட்டார் சைக்கிள் வந்தது. ஆனாலும் சைக்கிள் பந்தயம் என்றால் நமக்குத் தனி ஆர்வம்தான். 1970இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் நம் நாட்டு இங் ஜூ ஙான் சாலைப் பந்தயத்தில் தங்கம் வென்றார். 2017இல் ஹாங்காங்கில் திரங்கானு மாநிலத்து அஸிசுல்ஹஸ்னி அவாங் உலக வெற்றியாளரானார். இரண்டு வெற்றிகளையும் நாம் ஒரே மனத்தோடு கொண்டாடினோம்.

எல்லா வெற்றிகளையும் அப்படிக் கொண்டாட முடிவதில்லை. குற்றம் செய்தவர் என்று முன்பு தண்டிக்கப்பட்ட ஒருவர், தண்டனைக் காலம் முடிந்து திரும்பி வந்து, பிறர் ஓய்வு பெறும் வயதில் உலகப் பட்டத்தை வென்றால் நாம் கை தட்டலாமா, கூடாதா? இந்தக் கேள்வியை எழுப்பிய ஒரு வரலாற்றை இப்போது பார்ப்போம்.

அலெகாந்த்ரோ வால்வெர்தே 1980ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் முர்சியா மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய வேகத்தைக் கண்ட ரசிகர்கள் அவருக்குப் ‘பச்சைத் தோட்டா’ என்று பட்டப்பெயர் சூட்டினார்கள். உலகச் சாலைப் பந்தயத்தில் 2003இலும் 2005இலும் வெள்ளி பெற்றார். 2006இல் வெண்கலம் பெற்றார். தங்கம் மட்டும் கைக்கு எட்டவில்லை.

அதே 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் ஸ்பெயின் போலீசார் மட்ரிட் நகரில் எவுபேமியானோ புவென்தேஸ் என்னும் மருத்துவர் தொடர்பான இடங்களைச் சோதனையிட்டார்கள். 200க்கும் மேற்பட்ட இரத்தப் பைகள் அகப்பட்டன. பைகளின் மேல் வீரர்களின் பெயர் இல்லை. எண்களும் மறைமொழிகளுமே இருந்தன.

இரத்தப் பையால் ஓட்டக்காரருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயுவைத் தசைகளுக்குச் சுமந்து செல்பவை இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்கள். வீரரின் இரத்தத்தைச் சில வாரங்களுக்கு முன்பே எடுத்துக் குளிரில் பாதுகாத்து வைப்பார்கள். உடம்பு இழந்த இரத்தத்தைத் தானே ஈடுசெய்துகொள்ளும். பந்தயம் நெருங்கும்போது பழைய இரத்தத்தையும் மறுபடி உடம்பில் ஏற்றினால் சிவப்பணுக்கள் மிகுந்துவிடும்; மலையேற்றத்திலும் களைப்பு தாமதமாகவே வரும். இரத்தம் அவருடையதே ஆதலால் கண்டுபிடிப்பது கடினம். இது விதிக்கு மாறானது, உயிருக்கும் ஆபத்தானது.

2008 ஜூலையில் பிரான்ஸ் சுற்றுப்பந்தயம் இத்தாலி மண்ணுக்குள் சென்றபோது, அங்குள்ள அதிகாரிகள் வால்வெர்தேயின் இரத்த மாதிரியை எடுத்தார்கள். அது மட்ரிட்டில் கைப்பற்றப்பட்ட 18ஆம் எண் பையில் இருந்த இரத்தத்தோடு ஒத்துப்போனது. 2009இல் இத்தாலி தன் நாட்டுப் பந்தயங்களில் அவரைத் தடை செய்தது. 2010 மே 31ஆம் நாள் விளையாட்டு நடுவர் மன்றம் உலகம் முழுவதற்குமாக இரண்டாண்டுத் தடை விதித்தது. வால்வெர்தே குற்றத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை. ஊக்கமருந்துச் சோதனை எதிலும் தாம் சிக்கியதில்லை என்பது அவர் வாதம்.

2012இல் திரும்பி வந்தார். அந்த ஆண்டிலும், அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் உலகப் பந்தயத்தில் வெண்கலமே கிடைத்தது. 2017இல் பிரான்ஸ் சுற்றுப்பந்தயத்தின் முதல் நாளில் மழை நனைத்த சாலையில் வழுக்கி விழுந்து முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டார். இனி இவர் கதை முடிந்தது என்று பலர் எண்ணினர்.

2018 செப்டம்பர் 30ஆம் நாள், ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரம். 250 கிலோமீட்டருக்கும் அதிகமான மலைச்சாலை. கடைசியில் நால்வர் மட்டுமே முன்னணியில் இருந்தனர். 38 வயது வால்வெர்தே பிரான்சின் ரொமாங் பார்தேயையும் கனடாவின் மைக்கல் வுட்சையும் ஹாலந்தின் டாம் டுமூலனையும் முந்திக் கோட்டைக் கடந்தார். கடந்ததும் குலுங்கி அழுதார். முந்திய மூன்று ஆண்டுகளிலும் பட்டத்தை வைத்திருந்த பீட்டர் சாகனே மேடையில் அவருக்குத் தங்கப் பதக்கத்தை அணிவித்தார். ஆறு பதக்கங்களுக்குப் பின் வந்த முதல் தங்கம் அது.

ஸ்பெயின் ரசிகர்கள் ஆனந்தக் கூத்தாடினார்கள். மற்ற நாடுகளில் பலர் முகம் சுளித்தார்கள். இப்படி நடந்தது அதுவே முதல் முறையும் அன்று. 1985இல் ஹாலந்து வீரர் யோப் சூட்டமெல்க்கும் 38 வயதில்தான் இதே பட்டத்தை வென்றார். அவரும் அதற்கு முன் ஊக்கமருந்துச் சோதனைகளில் சிக்கியவரே. இந்தப் பட்டத்தை வென்றவர்களில் மிக மூத்தவர் அவர், அடுத்தவர் வால்வெர்தே.

ரசிகர்களின் வாதத்தையும் நாம் கேட்க வேண்டும். “தண்டனையை அனுபவித்துவிட்டார், இன்னும் எத்தனை காலம் அவரைக் குத்திக் காட்டுவீர்கள்?” என்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. எல்லையில்லாத தண்டனை நீதியாகாது. “அத்தனை பைகள் கிடைத்தனவே, மற்றவர்கள் எங்கே?” என்றும் கேட்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. பைகளை ஊக்கமருந்துத் தடுப்பு அதிகாரிகளிடம் ஒப்படைக்கும்படி ஸ்பெயின் நீதிமன்றம் உத்தரவிட்டது 2016இல்தான். அதற்குள் நடவடிக்கை எடுக்கும் காலம் கடந்துவிட்டது. பலர் பெயர் வெளிவராமலே தப்பினர்.

மறுபுறமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதே மருத்துவர் விவகாரத்தில் சிக்கிய இத்தாலியின் இவான் பாசோ 2007இல் தாம் அந்த வழியில் போக முயன்றதை ஒப்புக்கொண்டார். தடை முடிந்து வந்து 2010இல் இத்தாலி சுற்றுப்பந்தயத்தை வென்றார். ஒப்புக்கொண்டவரை மன்னிப்பது எளிது. வாய் திறவாதவர் விஷயத்தில் ரசிகர் எதை மன்னிப்பது? நேர்மையாக மிதித்துப் பின்தங்கிப்போனவர்களும் இருப்பார்களே, அவர்களுக்கு என்ன ஈடு? அவர்களுக்குப் பட்டமும் இல்லை, பட்டப்பெயரும் இல்லை.

ஆகவே நாம் என்ன செய்வது? 38 வயதில் அந்த மலையில் ஏறிய உழைப்பைப் பாராட்டலாம். அதற்காகக் கை தட்டுவது குற்றமாகாது. ஆனால் கை தட்டும் சத்தத்தில் பழைய தீர்ப்பு காதில் விழாமல் போகக்கூடாது. தீர்ப்பு பட்டத்தைப் பறிக்கவில்லை. பட்டமும் தீர்ப்பை அழித்துவிடவில்லை. வரலாற்றில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

நம் வீட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பந்தயம் பார்த்துவிட்டு, “இவர் நல்லவரா, கெட்டவரா?” என்று கேட்பார்கள். ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட வேண்டாம். அவர் வென்றதையும் சொல்லுங்கள், ஏன் தண்டிக்கப்பட்டார் என்பதையும் சொல்லுங்கள். தங்களுக்குப் பிடித்த வீரரைப் பற்றியும் முழு உண்மையைக் கேட்டுப் பழகிய பிள்ளைகள், நாளை தோட்டத்துத் திடலில் ஓடும்போது குறுக்குவழி தேடமாட்டார்கள்.