ஒரு கட்டுரை போதாது: விக்கிப்பீடியாவில் ‘சிறப்புத் தொகுப்பு’ என்றால் என்ன?

விக்கிப்பீடியாவில் யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். அப்படியானால் அதில் எது தரமானது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆங்கில விக்கிப்பீடியாவில் இதற்கு ஓர் அடையாள முறை உண்டு. தன்னார்வலர்கள் பரிசீலித்து ஏற்றுக்கொண்ட மிகச் சிறந்த கட்டுரைக்கு வெண்கல நிற நட்சத்திரம் கிடைக்கும். அதற்கு அடுத்த நிலையான ‘நல்ல கட்டுரை’க்குப் பச்சை நிறக் கூட்டல் குறி.

ஒரே பொருளைச் சுற்றியுள்ள பல கட்டுரைகளுக்கும் சேர்த்து இத்தகைய அங்கீகாரம் உண்டு. அதுவே சிறப்புத் தொகுப்பு. அதன் முக்கிய விதிகள்:

• குறைந்தது 3 கட்டுரைகள் இருக்க வேண்டும்.
• முழுப் பொருளையும் சுருக்கிச் சொல்லும் தலைமைக் கட்டுரை ஒன்று வேண்டும். மற்றவை அதனுடன் இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.
• பாதிக் கட்டுரைகளாவது நட்சத்திரம் பெற்றிருக்க வேண்டும். அவை 2-க்குக் குறையக்கூடாது.
• முக்கியமான எதுவும் விடுபடக்கூடாது. நன்றாக வந்தவற்றை மட்டும் பொறுக்கிச் சேர்க்க முடியாது.

தொகுப்பில் ஒரு கட்டுரை தரம் இழந்தால், அதைச் சரிசெய்ய 3 மாத அவகாசம் தரப்படும்.

நான்காவது விதியை நம் வட்டாரத்தில் பொருத்திப் பார்ப்போம். கோலசிலாங்கூர் என்றதும் புக்கிட் மெலாவத்தி கோட்டை, 1907-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம், கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சிகள் ஆகியவை நினைவுக்கு வரும். சுற்றுப்பயணிகளுக்கு இவை போதும். தொகுப்புக்குப் போதாது.

முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் தென்னமரம் தோட்டம் உள்ளது. 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்கேதான் தொடங்கினார். அந்தத் தோட்டமும், அதைப் போன்ற தோட்டங்களில் உழைத்தவர்களின் வரலாறும், தமிழ்ப்பள்ளிகளும், ஆலயங்களும் இல்லாமல் கோலசிலாங்கூர் பற்றிய தொகுப்பு நிறைவடையாது.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் உள்ளன. மலேசிய ஊர்களுக்கும் அதில் இடமுண்டு. ஆனால், பாட்டி சொன்னதையும் நாம் கண்ணால் கண்டதையும் அப்படியே எழுத முடியாது. நம்பத்தகுந்த, அச்சிலோ இணையத்திலோ வெளியான ஆதாரம் வேண்டும்.

சிக்கலே இங்குதான். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்துவிட்டது. லயம் இருந்த இடமே தெரியாதபோது, தாளில் இருப்பது மட்டுமே சான்று.

எனவே பழைய பள்ளி ஆண்டு மலர், கும்பாபிஷேக மலர், தோட்டம் பற்றிய நாளிதழ் நறுக்கு எதையும் வீடு மாறும்போது எறிந்துவிடாதீர்கள். வெளியீட்டின் பெயர், தேதி, பக்க எண் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். மலர் மட்டும் போதாத இடத்தில், அதில் உள்ள பெயரும் ஆண்டும் நூலகத்தில் பழைய நாளிதழைத் தேட உதவும். விடுபட்ட கட்டுரையை எழுத யாராவது முன்வரும் நாளில், அவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.