பொதி இழப்பும் வீட்டு இணையமும்

இணையத்தில் செல்லும் தகவல் சிறுசிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. அவற்றுள் சில சேருமிடத்தை அடையாமல் போவதே பொதி இழப்பு. பேச்சுவழக்கில் இது பாக்கெட் லாஸ் எனப்படும். காணொளி அழைப்பில் குரல் விட்டுவிட்டுக் கேட்பதற்கும், இணையவழி வகுப்பு அடிக்கடி உறைந்து நிற்பதற்கும் வேகக்குறைவைவிட இதுவே பல நேரங்களில் காரணமாகிறது.

இழப்பை அளக்க இன்றும் முதலில் கையிலெடுக்கப்படும் கருவி பிங். அமெரிக்கத் தரைப்படையின் ஆய்வகத்தில் பணியாற்றிய மைக் மூஸ் 1983 டிசம்பரில் இதை எழுதினார். ஒலியலையை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் சோனார் கருவியின் ஓசையே இதன் பெயரானது. ஆழம் பார்க்கப் படகில் எக்கோ சவுண்டர் வைத்திருக்கும் மீனவருக்கு இந்தத் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாண்டுகளில் பெரிய சிக்கல் எழுந்தது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, வெறும் 400 கெச தூரத்தில், இணைப்பின் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. தொலைந்த பொதிகளைக் கணினிகள் திரும்பத் திரும்ப அனுப்பியதால் நெரிசல் மேலும் முற்றியது. வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கேரல்சும் இதை ஆராய்ந்து, பொதி தொலைவதை 'வேகத்தைக் குறை' என்னும் அறிவிப்பாகக் கொள்ளும் முறையை 1988இல் வெளியிட்டனர். ஆகவே ஓரளவு இழப்பு இணையத்தின் இயல்பான நடைமுறையே. பொதி செல்லும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் கருவியும் அக்காலத்தில் ஜேக்கப்சன் எழுதியதுதான்.

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. சென்னையும் அதில் இடம்பெற்றது. 2005இல் பி.எஸ்.என்.எல். தொலைபேசியின் செம்புக் கம்பியிலேயே அகலப்பட்டையைக் கொண்டுவந்தபோது, கம்பியின் பழைய நோய்களும் உடன் வந்தன. மரக்காணம் உப்பளக் கரையிலுள்ள எக்கியார்குப்பம் போன்ற குப்பங்களில் உப்புக்காற்று செம்பு இணைப்புகளைப் பச்சை பூத்து அரிக்கச் செய்யும். மழை நாளில் தொலைபேசியில் கரகரப்புக் கேட்டால் இணையத்திலும் பொதி தொலைகிறது என்று ஊகிக்கலாம். கண்ணாடி இழை துருப்பிடிக்காது. ஆனால் கம்பி மடங்கினாலும், இணைப்பு முனையில் தூசி படிந்தாலும் ஒளி மங்கும். மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் காட்டும் ஒளியளவு மைனஸ் 27 டிபிஎம் அருகே இறங்கினால் எச்சரிக்கை தேவை.

கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா என்று பிரித்தறிவதே முதல் வேலை. முதலில் வீட்டு ரவுட்டருக்குப் பிங் அனுப்ப வேண்டும். அங்கேயே இழப்பு தெரிந்தால் வைஃபை அலைவரிசை நெரிசலோ சுவரோ காரணமாகலாம். கணினியைக் கேபிளில் இணைத்துப் பார்த்தால் அது தெளிவாகும். ரவுட்டர் வரை சரியாக இருந்து அதற்கு வெளியே இழப்பு தொடங்கினால் சேவை நிறுவனத்திடம் முறையிடலாம். டிரேஸ்ரூட்டில் நடுவழி நிலையம் ஒன்று மட்டும் பதில் தராமல் இருந்து, அதற்கப்பாலுள்ளவை சரியாகப் பதில் தந்தால் அது இழப்பன்று. பல ரவுட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாகவே வைத்திருக்கின்றன. இதைத் தவறாகப் படித்து முறையிடுவோர் ஏராளம்.

இழப்பைக் கண்டு அஞ்சியதாலும் ஒரு கேடு விளைந்தது. பொதிகள் தொலையாதிருக்க மோடம்களில் நினைவகத்தைப் பெருக்கினார்கள். 2010இல் ஜிம் கெட்டிஸ் தம் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பியபோது மற்ற எல்லாமே முடங்கியதைக் கவனித்தார். பொதிகள் தொலையவில்லை, நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன. வரிசை நிறையும்வரை இழப்பு நேராததால், வேகத்தைக் குறைக்கும் அறிவிப்பும் கணினிகளுக்குத் தாமதமாகவே கிடைத்தது. இதற்குப் பஃபர்புளோட் என்று பெயரிட்டார். வரிசை நீளும்போது வேண்டுமென்றே சில பொதிகளைக் கைவிடும் கோடெல் முறையைக் கேத்லீன் நிக்கோல்சும் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்டனர். அதன் வழிவந்த வரிசை மேலாண்மை இன்று சில வீட்டு ரவுட்டர்களில் ஒரு தெரிவாகவே கிடைக்கிறது.