ஊர்ப்பெயரும் உயிர்ப்பெயரும்: கல்முனைக் கரையோரத்தின் இயற்கையறிவு மரபு

உயிரினங்களை உற்றுநோக்கி வகைப்படுத்தும் முயற்சி தமிழில் பழைமையானது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாகப் பகுக்கின்றது. புறத்தே வன்மையுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வன்மையுடையவற்றை மரம் என்றும் பிரிக்கின்றது. இப்பகுப்பின்படி தெங்கும் பனையும் மரமாகா, புல்லேயாகும். இன்றைய தாவரவியலாரும் இவற்றை ஒருவித்திலைத் தாவரங்கள் எனக் கொண்டு புல்லினத்தோடு ஓரணியில் வைப்பது நோக்கற்பாலது. ஆயின் இவ்வறிவு ஏட்டில் மட்டும் வாழ்ந்ததன்று. ஏடறியாத உழவரும் மீனவரும் தத்தம் தொழிலின் பொருட்டு அதனைப் பேணினர். கல்முனை முதல் பொத்துவில் வரையான கரையோரத்திலே, சிறப்பாக முஸ்லிம் ஊர்களிலே, அவ்வறிவு எவ்வாறு வளர்ந்தது, எவ்வாறு தளர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத்துச் சான்று அரிதாகவுள்ள இப்பிரதேசத்தில் ஊர்ப்பெயர்களே முதற்சான்றுகளாகின்றன. மருதமுனை, சாய்ந்தமருது ஆகிய ஈரூர்ப் பெயர்களிலும் மருதமரம் நிற்கின்றது. ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் செழிக்கும் இம்மரத்தைச் சிங்களர் ‘கும்புக்’ என்பர். அறிவியலார் தெர்மினாலியா அர்ஜுனா என்பர். மரத்தின் இனத்தோடு அமையாது, அது சாய்ந்து நின்ற நிலையையும் ஓர் ஊர்ப்பெயர் பதிந்து வைத்துள்ளது. ஒலுவில், தம்பிலுவில், பொத்துவில் என்பவற்றின் ஈற்றிலுள்ள ‘வில்’ ஆழங்குறைந்த நீர்நிலையைக் குறிப்பது. சிங்களத்தின் ‘வில’ என்பதும் இதனோடு ஒத்தது. ‘ஒலு’ என்பது சிங்களத்தில் ஆம்பலினத்தின் பெயராதலின், ஒலுவில் என்பதை ஆம்பல் பூத்த நீர்நிலை எனக் கொள்ளவும் இடமுண்டு. அட்டாளைச்சேனை என்னும் பெயரோ, சேனைப் பயிரை விலங்கினின்றும் காத்தற்கு உயரக் கட்டிய அட்டாளையை நினைவூட்டுகின்றது. ஆகவே இப்பெயர்களை இட்டோர் தம் சூழலைக் கூர்ந்து நோக்கினோர் என்பது தெளிவு.

அவ்வட்டாளையே இப்பிரதேசத்து உழவரின் பள்ளிக்கூடமாக இருந்தது எனலாம். பகலில் கிளியும் குருவியும், இரவில் பன்றியும் யானையும் வேளாண்மையை அழிக்க வரும். இருளிலே காவலிருப்போன் கண்ணினும் செவியையே பெரிதும் நம்பவேண்டும். கிளை முறியும் ஓசை எது, சேற்றில் கால் புதையும் ஓசை எது எனப் பகுத்தறியாதவன் பயிரை இழப்பான். சிலவேளை உயிரையும் இழப்பான். கடலோரத்திலும் இவ்வாறே. கரைவலை இழுப்போர் நீரின் நிறமாற்றத்தையும் கடற்பறவைகள் வட்டமிடும் இடத்தையும் கொண்டே மீன்கூட்டத்தை உணர்ந்தனர். கச்சான் காற்று வீசும் வேனிற்காலத்திலே பாலையும் வீரையும் பழுக்கும். பழம் பறிக்கவும் விறகெடுக்கவும் தேனெடுக்கவும் காடேகியோர், அதே பாலைப்பழத்தைக் கரடியும் நாடிவரும் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். இந்நடைகள் பொழுதுபோக்கிற்கு உரியன அல்ல. எனினும் இளையோர் மூத்தோரின் பின்சென்று பெயர் கற்றது இவற்றிலேயேயாகும்.

இங்குள்ள முஸ்லிம்களைப் பொறுத்தவரை மார்க்கமும் இவ்வறிவிற்கு ஒரு காரணமாயிற்று. இலங்கை முஸ்லிம்களுட் பெரும்பான்மையோர் ஷாபிஈ மத்ஹபைச் சார்ந்தோர். அச்சட்ட மரபு கோரைப்பல்லால் வேட்டையாடும் விலங்குகளையும், நகத்தால் இரைபற்றும் பறவைகளையும் உண்ணத் தகாதன என விலக்குகின்றது. தவளை, முதலை முதலியவற்றையும் விலக்குகின்றது. எனவே பிடிபட்ட உயிரின் காலையும் நகத்தையும் பல்லையும், அது வாழும் இடத்தையும் நோக்கி இனந்தெளிவது வெறும் ஆவலன்று. ஆகுமானதா ஆகாததா என்னும் வினாவுக்கு விடை காண்பதாகும். அறுபு மொழிச் சட்டநூலின் வகைப்பாடும், தமிழ் உழவனின் உயிர்ப்பெயரும் இவ்விடத்தே சந்தித்தன. நாட்டார் வழக்காற்றை ஆராய்வோர் இச்சந்திப்பை இன்னும் போதிய அளவு கருத்திற் கொள்ளவில்லை.

ஐரோப்பியர் இயற்றிய நூல்களும் இவ்வறிவிற்குக் கடன்பட்டவை. ஒல்லாந்தர் காலத்தில் இங்கு மருத்துவராயிருந்த போல் ஹேர்மன் சேர்த்த தாவரங்களைக் கொண்டே, இலங்கையைக் காணாத லின்னேயசு 1747இல் தம் இலங்கைத் தாவர நூலை எழுதினார். படையதிகாரியான வின்சன்ற் லெக் 1878 முதல் 1880 வரை வெளியிட்ட பறவை நூலிலும், ஹென்றி ட்ரைமன் 1893இல் தொடங்கி, அவர் மறைவின்பின் ஹூக்கர் 1900இல் நிறைவு செய்த தாவரக் கைந்நூலிலும் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களும் குறிக்கப்பட்டுள்ளன. அப்பெயர்களைச் சொல்லியவர் யார், எவ்வூரார் என்பது பெரும்பாலும் குறிக்கப்படவில்லை. பெயர் நூலேறிற்று, பெயர் சொன்னவன் நூலேறவில்லை.

இக்குறை சிறிதன்று. ஒரே பெயர் இடந்தோறும் வேறு பொருள்படும். ஈழத்தில் வாளா ‘பாலை’ என்றால் பழந்தரும் வன்மரமாகிய மணில்காரா எக்சாண்ட்ராவே கருதப்படும். தமிழகத்திலோ ஏழிலைப்பாலை, வெட்பாலை எனப் பாலைகள் பல. அவை வேறு குடும்பத்தின. சங்கச் செய்யுளிற் பாலை என வருவதைக் கண்டு, அது நம் காட்டுப் பாலையே என மாணாக்கர் மயங்குவதுண்டு. ஊரையும் பருவத்தையும் சொன்னவரையும் சேர்த்துக் குறித்தாலன்றி இம்மயக்கம் தீராது.

இனி, தளர்ச்சியைக் காண்போம். பட்டிப்பளை ஆற்றை மறித்த கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கிற்று. காடு வயலாயிற்று, எஞ்சிய காட்டின் ஒரு பகுதி 1954இல் கல்லோயாத் தேசிய வனமாயிற்று. 1938இற் பறவைச் சரணாலயமான குமணையைச் சூழ்ந்த காடு 1970இல் யால கிழக்குத் தேசிய வனமாயிற்று. 2006இல் அது குமணைத் தேசிய வனம் எனப் பெயர்பெற்றது. யானைகள் கூடும் லகுகலையும் 1980இல் தேசிய வனமாயிற்று. உயிரினங்களுக்கு இவை அரண் என்பதில் ஐயமில்லை. ஆயின் மக்கள் காடேகும் வழக்கம் இவற்றாற் குறைந்தது. அதன்மேற் போர் வந்தது. 1985 முதல் 2003 வரை யால கிழக்கு மூடப்பட்டேயிருந்தது. அச்சத்தால் ஒரு தலைமுறை காட்டுவழியை மறந்தது. வழியை மறந்தோர் பெயரையும் மறந்தனர். இன்று நாரையினங்களைக் காணவரும் வெளிநாட்டார் கையில் படநூல் உண்டு. அருகில் நிற்கும் நம் இளைஞர்க்கோ அவையனைத்தும் ‘கொக்கு’ என்னும் ஒரு சொல்லுள் அடங்கிவிடுகின்றன.

காப்பகங்கள் பறவையைக் காக்கும். அதன் தமிழ்ப்பெயரைக் காக்கமாட்டா. அது மொழி பயில்வோரின் கடமையாகும். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலிலேயே அமைந்திருத்தல் இதற்கு நல்வாய்ப்பாகும். ஆண்டுதோறும் வேனில் விடுமுறையில், முதுமையுற்ற உழவர், மீனவர், பரிசாரிமார் சிலரோடு மாணாக்கர் களப்போரமும் வயற்புறமும் நடத்தல் வேண்டும். கேட்ட பெயர், கண்ட இடம், பருவம், பயன், சொன்னவர் ஊர் என்பவற்றைக் குறித்து, விலங்கியல், தாவரவியல் அறிஞரின் துணையுடன் அறிவியற் பெயரை இணைத்தல் வேண்டும். அகராதியில் ‘ஒருவகை மரம்’ என்றும் ‘ஒருவகைப் பறவை’ என்றும் எழுதி அமையும் இழுக்கு அதன்பின் நீங்கும். சாய்ந்து நின்ற ஒரு மருதைக் கண்டு ஊருக்குப் பெயரிட்டோரின் வழிவந்தோர், மருது எதுவெனக் கேட்கும் காலம் வருமுன் இப்பணி தொடங்குதல் நன்று.