சாவியைத் திருகினீர்களா? – மோட்டார் காப்பீட்டின் வரலாறும் ஒரு ஹைதராபாத் வெள்ளமும்

2020 அக்டோபர் 13 அன்று இரவு ஹைதராபாத்தில் பெய்த மழையை இந்நகரத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். பேகம்பேட்டை வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 19 செ.மீ. பதிவாயிற்று. அப்போது நான் டோலிசௌக்கிப் பகுதியில் வாடகைக்குக் குடியிருந்தேன். ஷா ஹாதிம் ஏரி நிறைந்து நதீம் காலனித் தெருக்களுக்குள் புகுந்தது. எங்கள் தெருவும் தப்பவில்லை. வாசலில் நின்ற என் கார் (2013 ஆம் ஆண்டுத் தயாரிப்பு, நான் இரண்டாம் கையாக வாங்கியது) இருக்கை மட்டம்வரை நீரில் நின்றது. மறுநாள் பிற்பகல் நீர் வடிந்ததும் ஓட்டுநர் இருக்கையிலிருந்த சேற்றை வழித்துவிட்டுச் சாவியைத் திருகினேன். ‘டக்’ என்றொரு ஒலி. மீண்டும் திருகினேன். அவ்வளவுதான்.

கார் வைத்திருப்போர் அறியவேண்டிய செய்தி என்பதால் அந்த ஒலியைச் சற்று விளக்கிவிடுகிறேன். ஏர் ஃபில்டர் வழியாக நீர் சிலிண்டருக்குள் இறங்கியிருந்தால், சாவியைத் திருகியதும் பிஸ்டன் அந்நீரை அழுத்த முயலும். காற்று அழுந்தும், நீர் அழுந்தாது. அழுத்தம் முழுவதும் கனெக்டிங் ராடின் மேல் விழ, அது வளைகிறது. சாவியைத் தொடாமல் வண்டியைக் கட்டி இழுத்துச் சென்றிருந்தால், நீரை வடித்து, எண்ணெய் மாற்றி, எஞ்சினைப் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாம். இதை எனக்கு விளக்கியவர் எங்கள் பகுதி மெக்கானிக். அங்கு எல்லாரும் அவரை உஸ்தாத் என்றே அழைப்பார்கள். விளக்கிய கையோடு ஓர் அறிவுரையும் கூறினார்: “சார், சர்வேயர் வந்து கேட்பார். சாவியைத் தொடவே இல்லை என்று சொல்லிவிடுங்கள்.”

சர்வேயர் வந்தார். இளைஞர், அந்த வாரத்தில் எத்தனை சேற்று வண்டிகளைப் பார்த்தாரோ, முகத்தில் களைப்பு அப்பியிருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி அதுவேதான்: “தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருகினீர்களா?” நான் ஆம் என்றேன். உஸ்தாத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

பழுதுபார்ப்பு மதிப்பீடு 1,10,000 ரூபாய். அதில் எஞ்சினுக்குரிய 62,000 முழுவதும் தள்ளுபடி. நான் வைத்திருந்த முழுக் காப்பீட்டுப் பாலிசியில் வெள்ளம் காப்பிற்குரிய இடர்களுள் ஒன்றாகத் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. ஆயினும் அதே தாளில் சற்றுக் கீழே, பின்விளைவாக நேரும் இழப்பு, இயந்திரக் கோளாறு ஆகியவற்றுக்கு நிறுவனம் பொறுப்பன்று என்றும் இருந்தது. வெள்ளம் காரை நனைத்தது. எஞ்சினை உடைத்தது என் கை என்பது அவர்கள் வாதம். எஞ்சிய 48,000இல் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி ஆகியவற்றுக்கான 20,000க்குப் பாதி தேய்மானம். உலோகப் பாகங்களுக்கான 12,000க்கு 40 விழுக்காடு தேய்மானம். கூலி 16,000 முழுமையாக. கட்டாயக் கழிவு 1,000 போக, என் கைக்கு வந்தது 32,200 ரூபாய். அடுத்த புதுப்பிப்பில் நோ கிளெய்ம் போனஸ் 50 விழுக்காட்டிலிருந்து பூச்சியத்திற்கு இறங்கியது. பாலிசியில் காரின் மதிப்பு 1,80,000. செலவு அதன் முக்கால் பங்கைத் தாண்டியிருந்தால், அதாவது 1,35,000க்கு மேல் போயிருந்தால், முழு இழப்பாகக் கொண்டு தீர்த்திருப்பார்கள். என் கார் அந்த அளவுக்குச் சாகவும் இல்லை.

அக்காலத்தில் பெருந்தொற்றினால் ஆவணக்காப்பகப் பணிகள் முடங்கியிருந்தன. சினம் தணிய, இந்தத் தேய்மானக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். ஆய்வாளர்களுக்கு வேறு என்ன தெரியும்?

முதலில் தெளிவாக வேண்டியது, மோட்டார் காப்பீட்டைக் கட்டாயமாக்கிய சட்டம் கார் உரிமையாளரை எண்ணி எழுதப்பட்டதன்று என்பது. பிரிட்டனில் முதல் உலகப்போருக்குப் பின் சாலை மரணங்கள் பெருகின. அடிபட்டவர் வழக்காடி வென்றாலும், தீர்ப்புத் தொகையைக் கொடுக்க இடித்தவனிடம் பொருள் இல்லை. இதற்குத் தீர்வாகவே 1930 ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ‘மூன்றாம் தரப்பு’ என்ற சொல்லாட்சியே இதை உணர்த்தும்: முதல் தரப்பு உரிமையாளர், இரண்டாம் தரப்பு நிறுவனம், மூன்றாமவர் தெருவில் நடந்து செல்பவர். இந்தியாவில் 1914 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இத்தகைய கட்டாயம் இல்லை. 1936–37இல் ரௌட்டன் தலைமையிலான குழு இதனை ஆராய்ந்தது; 1939 ஆம் ஆண்டுச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயம் கட்டாயக் காப்பீட்டை வகுத்தது. இடையில் போர் வந்தது. அவ்வத்தியாயம் நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1 அன்றுதான்.

நிஜாமின் ஹைதராபாத்துக்கு அந்தச் சட்டம் தானாகவே பொருந்தாது. அது தனி சமஸ்தானம். இவ்வூரின் தொடக்ககாலக் கார்கள் வேறோர் உலகத்தைச் சேர்ந்தவை. ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் பதிவு செய்த மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் வந்து சேருமுன் 1911இல் அவர் காலமானார். அது மகன் உஸ்மான் அலி கானுக்கு ஊர்வல வாகனமாயிற்று. இன்று சௌமஹல்லா அரண்மனையில் அதைக் காணலாம். மிகச் சில நூறு மைல்களே ஓடிய வண்டி என்பார்கள். அதற்குத் தேய்மான அட்டவணை எதற்கு? சாமானியர்க்கு மோட்டார் வந்தது 1932இல், நிஜாம் அரசு ரயில்–சாலைப் போக்குவரத்துத் துறை 27 பேருந்துகளோடும் 166 ஊழியர்களோடும் தொடங்கியபோது. தனி நிதி ஏற்படுத்திக்கொள்ளும் அரசுப் போக்குவரத்து நிறுவனங்களுக்குக் கட்டாயக் காப்பீட்டிலிருந்து விலக்களிக்க இன்றும் சட்டம் இடந்தருகிறது. பேருந்தில் போகிறவனுக்கு இந்த அட்டவணையோடு எந்தத் தொடர்பும் இல்லை; சொந்தமாக நான்கு சக்கரம் வாங்கும்போதுதான் அதனிடம் மாட்டிக்கொள்கிறான்.

அட்டவணையின் பிறப்பிடம் சட்டமன்று; ‘டாரிஃப்’. சொந்த வண்டிக்கான சேதக் காப்பு முற்றிலும் ஒப்பந்தத்தைச் சார்ந்தது. அதன் விலையையும் வாசகங்களையும் நாடு முழுவதற்கும் ஒன்றாக வகுக்க, 1968 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே கட்டண ஆலோசனைக் குழுவுக்குச் சட்ட அதிகாரம் அளிக்கப்பட்டது. 1973 ஜனவரி 1 அன்று 107 நிறுவனங்கள் தேசியமயமாகி நான்காக இணைக்கப்பட்டன. அவற்றுள் யுனைடெட் இந்தியா சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது, டி.வி.எஸ். குழுமத்தோடு தொடர்புடைய மெட்ராஸ் மோட்டார் அண்ட் ஜெனரல் நிறுவனமும் அதில் கரைந்தது. நான்கு கடைகள், ஒரே சரக்கு, ஒரே விலை. நாம் யாரிடம் போனாலும் ஒரே தாளில்தான் கையொப்பமிட வேண்டும். இவ்வாறு திரண்ட விதிகளின் கடைசி வடிவம் 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃப். ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கு 50 விழுக்காடு, ஃபைபர் கண்ணாடிக்கு 30, கண்ணாடிக்குக் கழிவில்லை, ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள வண்டியின் உலோகத்துக்கு 40. என் கிளெய்மில் வெட்டப்பட்ட ஒவ்வொரு ரூபாயும் இங்கிருந்து வந்ததே.

2007 ஜனவரி 1 அன்று சேதக் காப்பின் விலை டாரிஃபிலிருந்து விடுவிக்கப்பட்டது. போட்டி வந்தது, பிரீமியம் இறங்கியது. ஆனால் பழைய வாசகங்களையும் விலக்குகளையும் அப்படியே தொடரவேண்டும் என்பதே அன்றைய ஏற்பாடு. இங்குதான் எனக்குத் தீராத குறை. தேய்மானம் வேண்டாமா, அதற்குத் தனி விலை; மக்கள் அதைப் ‘பம்பர் டு பம்பர்’ என்கிறார்கள். எஞ்சினுக்குள் நீர் போனால் காப்பு வேண்டுமா, அதற்கும் தனி விலை. அடிப்படைப் பாலிசியில் ‘வெள்ளம்’ என்ற சொல் இருப்பதை நம்பி வாங்குகிறவனுக்கு, அச்சொல்லுக்குள் எஞ்சின் அடங்காது என்று வாங்கும்போது எவரும் சொல்வதில்லை. நிறுவனங்களின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. பழைய பாகத்துக்குப் புதிய பாகம் முழு விலையில் கிடைக்குமாயின், இடிபட்டவன் இலாபமடைவான். காப்பீடு இழப்பை ஈடுசெய்யவே அன்றி ஊதியம் தரவன்று என்பது பழைய கொள்கை. கொள்கை சரி. ஆனால் ஏழு வயது பம்பருக்குச் சந்தையில் பாதி விலையில் பாதி தேய்ந்த பம்பர் ஷோரூமில் கிடைக்குமா? ராணிகஞ்சில் தேடினால் ஒருவேளை அகப்படலாம். அப்படி வாங்கிய பாகத்துக்கு முறையான பில் இல்லை என்று நிறுவனம் ஏற்காது.

இந்த விதிகளையெல்லாம் மேற்பார்க்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இவ்வூரிலேயே இருப்பது இன்னொரு வேடிக்கை. 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்து, 2001இல் தில்லியிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்தது. பல்லாண்டுகள் அதன் முகவரி பஷீர்பாக், பரிச்ரம பவன். தெலுங்கில் ‘பரிச்ரம’ என்றால் தொழில். கிளெய்மோடு அலைந்த தமிழன் காதில் அது வேறுவிதமாக விழுந்தால் பிழை சொல்லமுடியாது. இப்போது நானக்ராம்கூடாவில் சொந்தக் கட்டடம். முறையீட்டை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர் அலுவலகம் லக்டிகாபூல் பக்கம். அங்குச் செல்ல வழக்கறிஞர் வேண்டாம், கட்டணமும் இல்லை. நிறுவனத்திடம் முதலில் எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும், அவ்வளவே. நான் போகவில்லை. சாவியைத் திருகியதை என் வாயாலேயே எழுதிக் கொடுத்தாயிற்று. மேலும் எண்பது பக்கத் தாள்களைத் திரட்டும் தெம்பும் அப்போது இல்லை. போயிருக்க வேண்டும் என்று இன்று தோன்றுகிறது. இவ்வூருக்கு வெள்ளம் புதிதன்று. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி பெருகியதில் பல்லாயிரவர் மாண்டார்கள். அஃப்சல்கஞ்சுப் புளியமரம் ஒன்றில் ஏறி ஏறத்தாழ 150 பேர் பிழைத்தார்கள். விசுவேசுவரய்யா வந்து திட்டம் தீட்டியதும், உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் நீர்த்தேக்கங்கள் எழுந்ததும் அதன் பிறகே. ஏரிக்குள் வீடுகட்டிக் குடியேறும் நகரத்தில் நீர் எஞ்சின்வரை வருவது பின்விளைவா, முதல் விளைவா என்று கேட்டிருக்கலாம்.

அடுத்த ஆண்டு புதுப்பிக்கும் நேரம் வந்தது. வெறும் மூன்றாம் தரப்புப் பாலிசி போதும், இனி இவர்களுக்கு ஒரு காசு கூடுதலாகத் தரமாட்டேன் என்று உறுதியாக இருந்தேன். சட்டம் கேட்பதும் அவ்வளவுதான். 2018இல் உச்ச நீதிமன்றம் புதிய கார்களுக்கு மூன்றாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீட்டை ஒரேயடியாக எடுக்கச் செய்தது. கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சி அது. காப்பீடே இல்லாமல் ஓடும் வண்டிகளால் அடிபட்டவர்க்கு எதுவும் கிடைக்காமற் போவதைத் தடுப்பதே நோக்கம். அங்கும் சாலையில் அடிபடும் மூன்றாமவரே மையம்.

அந்நாள்களில் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 ஆகஸ்ட் உத்தரவு ஒன்று செய்தியாயிற்று. ஒகேனக்கல் அருகே நிகழ்ந்த விபத்தில் காரில் இருந்த ஒருவர் இறந்துபோனார். அந்தக் காருக்கு இருந்தது சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பாலிசி மட்டும். அப்பாலிசி காருக்கு வெளியே உள்ளவர்க்கு உரியது. உள்ளே அமர்ந்து செல்பவர்க்கு அன்று. நீதியரசர் எஸ். வைத்தியநாதன், விற்பனையாளர்கள் இதனை வாங்குவோர்க்கு எடுத்துரைப்பதில்லை என வருந்தி, செப்டம்பர் 1 முதல் விற்கும் புதிய வாகனங்களுக்கு ஓட்டுநர், பயணிகள், உரிமையாளர் அனைவரையும் உள்ளடக்கிய ‘பம்பர் டு பம்பர்’ காப்பீட்டை ஐந்தாண்டுக்குக் கட்டாயமாக்கினார். சந்தையில் அச்சொல்லுக்குத் தேய்மானமில்லாக் காப்பு என்று பொருள். நீதிமன்றம் எண்ணியது மனிதரை. குழப்பம் விளைந்தது. நடைமுறைப்படுத்த இயலாதெனக் காப்பீட்டுத் துறையினர் முறையிட, செப்டம்பர் 13 அன்று உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. செய்தித்தாள்கள் அதோடு மறந்தன.

நான் மறக்கவில்லை. என் காரில் தார்நாகா ஆவணக்காப்பகத்துக்கும் திரும்பி வரும்போது புத்தகக் கடைகளுக்கும் வாரம் இருமுறையேனும் மாணவர்கள் இருவர் மூவர் ஏறிக்கொள்வார்கள். அவர்களுள் எவரும் ஏறுமுன் பாலிசியின் வகையைக் கேட்டதில்லை. முழுக் காப்பீட்டுப் பாலிசி காருக்குள் இருப்போரையும் உள்ளடக்கும் என ஒழுங்குமுறை ஆணையம் 2009இலேயே சுற்றறிக்கை வாயிலாக விளக்கியுள்ளது. ஆகவே, எஞ்சினுக்கு உதவாத, பம்பருக்குப் பாதியே தரும் அதே முழுப் பாலிசியை மீண்டும் எடுத்தேன். எஞ்சின் காப்பைச் சேர்க்கக் கேட்டபோது, வண்டிக்கு வயதாகிவிட்டது, தர இயலாது என்றார்கள்.

உஸ்தாத் புதிய கனெக்டிங் ராடு போட்டு ஓட்டிக் கொடுத்த அந்த எஞ்சின் இன்னும் ஓடுகிறது. மழை எச்சரிக்கை வந்தால் முதல்நாள் மாலையே மேட்டுத் தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, சாவியை வீட்டிலுள்ளோர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுகிறேன்; குறிப்பாக என் கைக்கு.