கட்டிங் வேஸ்ட்

2023 மே மாதம். ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகம் தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருந்த நேரம். திருப்பூரில் நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்கு இந்தப் பக்கம் ரிட்டையர் ஆன தமிழ் டீச்சர் ஒருவர். அந்தப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிற இளைஞர். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் படித்தவராம்.

டீச்சர் கொதித்துப்போய் இருந்தார். “மணிமேகலையைக் காணோம். சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன்னு கல்கி அஞ்சு பாகம் காத்திருந்து சொல்றாரே, அதையும் காணோம். அப்புறம் அது என்ன பொன்னியின் செல்வன்?”

கட்டிங் மாஸ்டர் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “டீச்சர், ஒரு ரோல் துணி முழுசும் பனியன் ஆகாதுங்க. லே போட்டு, பேட்டர்ன் வெச்சு வெட்டினா கொஞ்சம் வேஸ்ட் விழத்தான் செய்யும்.”

“ஏங்கண்ணு, மணிமேகலை உனக்கு வேஸ்ட்டா?”

இலையை மடிக்கும்வரை ஓயவில்லை. நான் யார் பக்கமும் சேரவில்லை. கல்யாண வீட்டில் அதுதான் பத்திரம்.

நீங்களும் இந்தச் சண்டையைப் போட்டிருப்பீர்கள். உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ நாவலில் காளியின் கையைப் புலி பறித்தது. 1978இல் மகேந்திரன் படமாக எடுத்தபோது லாரி பறித்தது. புலியா லாரியா என்று அன்றைக்கும் பேசினார்கள். இதெல்லாம் ஏதோ நம் காலத்து வழக்கு என்று நினைக்கிறோம். இல்லை. தமிழ் சினிமா பேச ஆரம்பித்து நாலே வருஷத்தில் தொடங்கிய வழக்கு இது. அதில் முதல் ஆட்களில் சிலர் டீச்சர் பாயசம் சாப்பிட்ட அதே கொங்குச் சீமைக்காரர்கள்.

1935க்குப் போவோம்.

அன்றைக்குத் தமிழ்ப் படம் என்றால் புராணம். ராமர், கிருஷ்ணர், வள்ளி, நாரதர். கோட்டு போட்ட மனிதர் திரையில் வருவதே அபூர்வம். அப்போது திருப்பூர், கோவை வட்டாரத்தைச் சேர்ந்த கூட்டாளிகள் சிலர் சேர்ந்து ஷண்முகானந்தா டாக்கீஸ் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். எஸ்.கே. மொய்தீன், எம். சோமசுந்தரம் இருவரும் அதில் முக்கியமானவர்கள். அவர்கள் கையில் எடுத்த கதை புராணம் அல்ல, நாவல். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’.

வடுவூரார் பெயர் உங்கள் தாத்தா, பாட்டிக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். துப்பறியும் திகம்பர சாமியாரை உலவவிட்டவர். வாசகர்கள் அவர் நாவல்களுக்காகக் காத்துக் கிடந்தார்கள். பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். இரண்டும் ஒரே காரணத்துக்காகத்தான். கதை அப்படி ஓடும். ‘மேனகா’வில் நாத்தனார் பெருந்தேவியும் சாமாவய்யரும் சேர்ந்து, வீட்டு மருமகளையே நைனா முகம்மது என்ற பணக்காரனுக்கு விலைபேசி விற்றுவிடுகிறார்கள். அவளைக் காப்பாற்றுகிறவள் யார்? அந்த நைனா முகம்மதுவின் மனைவி நூர்ஜஹான்! இன்றைக்கு மெகா சீரியலாக எடுத்தால் நான்கு வருடம் ஓட்டலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நாவல் நேராகத் திரைக்குப் போகவில்லை. நடுவில் ஒரு கை பட்டிருக்கிறது. எம். கந்தசாமி முதலியார் (நடிகர் எம்.கே. ராதாவின் அப்பா) ‘மேனகா’வை ஏற்கெனவே நாடகமாக மாற்றியிருந்தார். டி.கே.எஸ். சகோதரர்களின் மதுரை பால ஷண்முகானந்த சபை அதை ஊர் ஊராகப் போட்டுக்கொண்டிருந்தது. அந்த நாடகத்தைத்தான் நடிகர்களோடு அப்படியே பம்பாய்க்கு அழைத்துப்போய்ப் படமாக்கினார்கள். டைரக்டர் பி.கே. ராஜா சாண்டோ. என்.எஸ். கிருஷ்ணன் நடித்து முதலில் வெளிவந்த படமும் இதுதான்.

ஆக, வெட்டு இரண்டு தடவை விழுந்திருக்கிறது. பக்கம் பக்கமாக வளர்ந்த கதையை மேடைக்கு ஒரு வெட்டு, மேடையிலிருந்து ஃபிலிமுக்கு இன்னொரு வெட்டு. நாவலில் வடுவூரார் ஆற அமரச் சொல்லும் வீட்டு நிலவரம், மனசுக்குள் ஓடும் சந்தேகம், அத்தியாயக் கடைசியில் வைக்கும் கொக்கி... இதெல்லாம் என்ன ஆகியிருக்கும்? மேடைக்கு வேண்டியது வாய்விட்டுப் பேசும் வசனமும் பாட்டும். அதற்கு அடங்காதது உதிர்ந்துதானே ஆக வேண்டும்?

படம் நாவலைவிடத் தேவலையா, மோசமா? சொல்ல முடியாது. படத்தின் பிரதி இன்று இல்லை. நைட்ரேட் ஃபிலிம் சுலபத்தில் கெட்டுப்போகும், தீப்பிடிக்கும். பத்திரப்படுத்த வேண்டும் என்ற எண்ணமும் அன்று யாருக்கும் இல்லை. முப்பதுகளில் எடுத்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதே கதி. நாவல் இருக்கிறது, திரும்ப அச்சாகியும் வந்திருக்கிறது. மலிவுச் சரக்கு என்று ஒதுக்கிய புத்தகம் பிழைத்துக்கொண்டது. பணத்தைக் கொட்டி எடுத்த படம் போய்விட்டது.

சோமுவுக்கும் மொய்தீனுக்கும் கதை ருசி விடவில்லை. அடுத்து ஜூபிடர் பிக்சர்ஸ் ஆரம்பித்தார்கள். 1936இல் ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘சந்திரகாந்தா’. 1938இல் வை.மு. கோதைநாயகி அம்மாளின் ‘அனாதைப் பெண்’. நாவல் வாசகர்கள் டிக்கெட்டும் வாங்குவார்கள் என்ற கணக்கு அவர்களுக்குப் பிடிபட்டிருந்தது. 1947இல் ‘ராஜகுமாரி’ படத்தில் எம்.ஜி.ஆர். என்ற நடிகரை முதன்முதலாகக் கதாநாயகன் ஆக்கியதும் இதே ஜூபிடர்தான். இந்த எம்.ஜி.ஆர்.தான் நம் வழக்கின் அடுத்த கட்டத்துக்கு வருகிறார்.

1954, ‘மலைக்கள்ளன்’. நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளையின் நாவல். கவிஞர் யார்? அசல் காந்தியவாதி. 1930இல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் போனபோது தொண்டர்கள் பாடிக்கொண்டு நடந்த பாட்டை எழுதியவர், ஜெயிலுக்குப் போனவர். படமாக எடுத்தவர் கோவை பட்சிராஜா ஸ்டுடியோ அதிபர் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு. வசனம் மு. கருணாநிதி. ஹீரோ எம்.ஜி.ஆர்.

புரிகிறதா விஷயம்? காங்கிரஸ் கவிஞரின் நாவலுக்குக் கழகக்காரர் வசனம், கழக நடிகர் நாயகன். 1954ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படத்துக்கான ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் கொடுத்தது டெல்லி காங்கிரஸ் சர்க்கார். இப்படி ஒரு கூட்டணியைத் தேர்தலில்கூடப் பார்க்க முடியாது.

இன்னொரு ஆளையும் சொல்லியாக வேண்டும். எம்.ஜி.ஆருக்கு டி.எம். சௌந்தரராஜன் முதன்முதலில் குரல் கொடுத்தது இந்தப் படத்தில்தான். குதிரையில் போய்க்கொண்டே ஏமாற்றுக்காரர்களைக் கேள்வி கேட்பாரே, அந்தப் பாட்டு. பள்ளிக்கூடம் கட்டுவோம், எல்லோருக்கும் தொழில் கற்றுத்தருவோம் என்றெல்லாம் போகும். தஞ்சை ராமையாதாஸ் ஆரம்பித்த பாட்டை, அவர் நடுவில் போய்விடவே, கோவை அ. அய்யாமுத்து முடித்துக்கொடுத்தார் என்று சொல்வார்கள். அய்யாமுத்து காங்கேயம் பக்கத்துப் பரஞ்சேர்வழிக்காரர். வைக்கம் சத்தியாகிரகத்தில் பெரியாரோடு நின்றவர். பிறகு, திருப்பூரில் இயங்கிய அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளையை நடத்தியவர். பனியனுக்கு முன்னால் திருப்பூருக்குப் பேர் வாங்கித்தந்தது கதர்; அந்தக் கதரோடு வாழ்ந்த மனிதர். சினிமாவும் தெரிந்தவர், ‘கஞ்சன்’ (1947) அவர் படம்.

‘மலைக்கள்ளன்’ தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் என்று ஐந்து மொழிகளுக்குப் போனது. இந்தியில் ‘ஆசாத்’. திலீப்குமாருக்கு ஃபிலிம்ஃபேர் விருது. எல்லாவற்றுக்கும் வேர் ஒரு தமிழ் நாவல்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. ‘மலைக்கள்ளன்’ படம் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள். சரி. நாவல் படித்தவர்கள்?

எனக்குத் தெரியும்.

டீச்சரின் கோபம், கதையை வெட்டிவிட்டார்களே என்பது. ‘மலைக்கள்ளன்’ விஷயத்தில் எனக்கு உறுத்துவது வேறு. பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுக்கிறவன் எல்லா நாட்டுக் கதையிலும் இருக்கிறான். இங்கிலாந்தில் அவன் பெயர் ராபின் ஹூட். கவிஞர் அவனுக்கு வேட்டி கட்டினார். படம் வந்த நாளிலிருந்து மலைக்கள்ளன் என்றால் எம்.ஜி.ஆர். முகம்தான். ஏழைகளின் காவலன் என்ற அவருடைய பிம்பத்துக்கு இந்தப் படமும் ஒரு அஸ்திவாரம். 1977இல் கோட்டைக்குப் போனார் அல்லவா, அந்தப் பாதையில் இந்தக் குதிரையின் குளம்படியும் உண்டு. ஒரு பாத்திரத்தை வெட்டினால், “எங்கே?” என்று கேட்க ஒரு டீச்சராவது இருப்பார். மொத்தப் புத்தகத்தையும் ஒரு முகம் மூடிக்கொண்டால், அடியில் புத்தகம் இருப்பதே மறந்துபோகிறது. நாயுடுவைக் குறை சொல்லவில்லை. படம் நல்ல படம். அதுதான் சிக்கலே.

அந்தக் கணக்கில் கல்கி அதிர்ஷ்டசாலி. எம்.ஜி.ஆர். 1958இல் ‘பொன்னியின் செல்வ’னை எடுப்பதாக அறிவித்தார், எடுக்கவில்லை. எடுத்திருந்தால் வந்தியத்தேவனுக்கும் அந்த முகம் ஒட்டியிருக்கும். அறுபது வருஷத்துக்கு மேல் அவரவர் மனதில் அவரவர் வந்தியத்தேவன் இருந்தான். அதனால்தான் 2022இல் மணிரத்னத்தின் படம் வந்ததும் அத்தனை பேர் சண்டைக்குக் கிளம்பினார்கள். புத்தகக் கடைகளிலும் அந்த ஐந்து பாகம் மறுபடி விற்றது.

திருப்பூரிலிருந்து வந்ததும் ‘மலைக்கள்ளன்’ நாவலைத் தேடிப்பிடித்து இரண்டு பிரதி வாங்கி, டீச்சருக்கு ஒன்றும் கட்டிங் மாஸ்டருக்கு ஒன்றும் அனுப்பினேன். டீச்சர் மூன்றே நாளில் முடித்துவிட்டு, கவிஞர் நடையைப் பற்றி நாலு பக்கம் கடிதம் போட்டார். மாஸ்டருக்கு ஒன்றரை ஷிப்ட் வேலை, படிக்க நேரமில்லை. ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார்.

“சார், நாப்பது பக்கம் தாண்டிட்டனுங்க. நல்லாத்தான் போகுது.”

“அப்புறம் என்னப்பா?”

“இல்லீங்... இதுல எம்.ஜி.ஆர். எப்பங்க வருவாரு?”