பெட்டியும் பையும்: புத்தளக் கரையில் கமரா சுமப்பது

ஆலங்குடாவில் டொல்பின் பார்க்கப் படகேறுபவருக்கு பெலிக்கன் பெட்டிதான் தைரியம். பாலாவி உப்பளத்து வரம்புகளில் நடப்பவருக்கு டொம்கே கித்தான் பைதான் சுகம். பெட்டி அடைத்துக் காக்கிறது. பை அணைத்துக் காக்கிறது. இரண்டுக்கும் ஒட்டோ உறவோ இல்லை என்றே முதலில் தோன்றும்.

பிறப்பை விசாரித்தால் அந்த எண்ணம் தளர்கிறது. பெலிக்கன் நிறுவனத்தை 1976இல் கலிபோர்னியாவின் டொரன்ஸ் நகரில் தொடங்கிய டேவ் பார்க்கர் ஒரு சுழியோடி. அதே எழுபதுகளின் நடுப்பகுதியில் கித்தான் பையை வடிவமைத்த ஜிம் டொம்கே, ‘பிலடெல்பியா இன்குவயரர்’ நாளிதழின் படப்பிடிப்பாளர். இருவருமே தத்தம் தொழிலின் தொல்லை அறிந்தவர்கள். சுழியோடிக்கு நீர் பகை. செய்திப் படப்பிடிப்பாளருக்குத் தாமதம் பகை. ஒரே நாட்டில், ஏறத்தாழ ஒரே காலத்தில், இரண்டு பகைக்கு இரண்டு விடைகள் பிறந்தன.

நவம்பர் முதல் ஏப்ரல் வரையான டொல்பின் பருவத்தில் இரண்டு பகையும் ஒரே படகில் ஏறுகின்றன. பைபர் படகின் அடியில் தேங்கிய நீரில் பெட்டி கவலையின்றிக் கிடக்கும். கடலில் விழுந்தாலும் மிதக்கும். பைக்கு அந்த இடம் ஆகாது. அதை மடியில் வைத்துக்கொண்டே போக வேண்டும். ஆனால் டொல்பின் எழும்பிச் சுழன்று விழுவது ஓரிரு நொடி. பெட்டிக்காரர் குனிந்து, இரு கொக்கிகளையும் விடுவித்து, மூடியை நிமிர்த்துவதற்குள் கடல் மறுபடி வெறுமையாகிவிடும். பைக்காரரின் கண் கடலில் இருக்க, கை தானாகவே வில்லையைத் தேடி எடுக்கும். இன்னொன்றும் உண்டு. பெட்டி திறந்தால் முழுவதுமாகத் திறக்கிறது; உள்ளே இருப்பது அத்தனையும் சாரலுக்கு முகம் காட்டுகிறது. பையோ கை நுழையும் அளவே திறக்கிறது. மூடியிருக்கும்வரை பெட்டிக்கு நிகரில்லை. திறந்த கணத்தில் பைதான் கெட்டிக்காரன்.

உப்பளத்தில் கணக்கு மாறுகிறது. கமரா வைக்குமுன்பே 5 கிலோவைத் தாண்டும் ஒரு நடுத்தரப் பெட்டியை ஒடுங்கிய களிமண் வரம்பில் சுமந்து நடப்பது தண்டனை. ஒரு கிலோ அளவிலான கித்தான் பை இடுப்போடு ஒட்டிக்கொள்ளும். ஆயினும் வில்லை மாற்ற நிற்கும்போது பெட்டியை ஈரத்தரையில் தயங்காமல் வைக்கலாம். பையை வைத்தால் பஞ்சுநூல் உவர்நீரை உறிஞ்சிவிடும். அமைதியான பாத்திதானே என்று அந்த நீரை எளிதாக எண்ணக்கூடாது. கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அது பத்தில் ஒரு பங்காக வற்றிய பின்புதான் பாத்தியில் உப்பு பூக்கிறது. ஆகவே பாத்தியில் பட்ட ஒரு துளி கடலில் பட்ட பல துளிக்குச் சமம். பெட்டி அவசியமான இடம் படகு என்று நினைத்திருந்த எனக்கு, பை அதிகம் அஞ்ச வேண்டிய இடம் இந்தச் சலனமற்ற பாத்தி என்பது வியப்பாகவே இருந்தது.

ஈரக்காற்றிலும் இதே தலைகீழ்தான். வெளியீரத்தை விடாத பெட்டி உள்ளீரத்தையும் விடாது. நனைந்த கமராவை அவசரமாக வைத்து மூடினால், வில்லையில் பூஞ்சை வளர நாமே இடம் கொடுத்ததாகும். சிலிக்கா ஜெல் இல்லாத பெட்டி அரைப் பெட்டி. கித்தான் இரு திசையிலும் மூச்சு விடும். அதனாலேயே, கச்சான் காற்று மணலை வாரி வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் அது சங்கடப்படும். நம் வீடுகளின் பனையோலை மூடுபெட்டி இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: வடிவில் பெட்டி, சுபாவத்தில் பை.

உடப்பு திரௌபதை அம்மன் கோயில் தீமிதியில் நெரிசலுக்குள் பை நுழையும். பெட்டி நுழையாது, ஓரமாக வைத்து ஏறி நின்றால் தலைகளுக்கு மேலாகப் படம் கிடைக்கும்.

இரண்டும் ஒன்றாகும் இடம், நான் எதிர்பாராதது, அவை பழுதாகும் விதம். பெட்டியின் மூடி விளிம்பில் ஓடும் ரப்பர் வளையத்தைப் பெருவிரலால் தடவிப் பாருங்கள். கடுகிலும் சிறிய உப்புப் பரல் ஒன்று தட்டுப்பட்டால் போதும். மூடி அந்த இடத்தில் படியாது, நீர் அந்த வழியே நுழையும். பையின் மடிப்பை விரித்துப் பாருங்கள். காய்ந்த அலையின் எல்லை வெள்ளைக் கோடாகத் தெரியும். கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுப்பது. மாரியில் உப்புப்பானை கசிவதுபோல், அந்தக் கோடு நாள்தோறும் நனைந்து கொக்கியின் இரும்பைத் தின்னும். இந்தக் கரையில் இரண்டுக்கும் எமன் நீர் அல்ல, நீர் விட்டுச்சென்ற உப்பு.

ஒன்றைத்தான் வாங்க முடியும் என்பவருக்கு என் தீர்ப்பு பை. படகு நாளில் வாய்சுருட்டி மூடும் நீர்புகா உறை ஒன்றில் அதைப் போட்டுக்கொள்ளலாம். பெட்டியை இலகுவாக்க அப்படி ஒரு வழி இல்லை. வாரம் தவறாமல் கடலுக்குப் போகிறவர் மட்டும் பெட்டியை எடுக்கட்டும்.

எதை வாங்கினாலும் திரும்பி வந்த அன்றே நன்னீரில் அலசுங்கள். கற்பிட்டிக் குடாநாட்டில் கிணற்று நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாகவே மிதக்கிறது. அலசுமுன் ஒரு துளியை நாவில் வைத்துப் பாருங்கள். கரித்தால் குடிதண்ணீரை எடுங்கள்.