பந்து தொலைந்தது, பத்தி தங்கியது

1951 அக்டோபர் 3. நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் பேஸ்பால் மைதானம். மாலை நான்கு மணிக்குச் சற்று முன்னால், ஜயன்ட்ஸ் அணியின் பாபி தாம்சன் அடித்த பந்து இடப்பக்கக் கூட்டத்துக்குள் போய் விழுந்தது. அதுவரை 4-2 என்று முன்னிலையில் இருந்த புரூக்ளின் டாட்ஜர்ஸ் 5-4 எனத் தோற்றது. ஆகஸ்டில் பதின்மூன்று ஆட்டங்கள் பின்தங்கிக் கிடந்த அணி நேஷனல் லீக் பட்டத்தைத் தட்டிச் சென்றது.

பத்திரிகையாளர் வரிசையில் இருந்தார் ரெட் ஸ்மித். வயது 46, ஹெரால்ட் ட்ரிப்யூன் நாளிதழின் பத்தி எழுத்தாளர். விடிந்தால் பத்தி அச்சில் வந்தாக வேண்டும். அந்தக் காலத்தில் மைதானத்திலேயே தட்டச்சு செய்வார்கள். தாள் தாளாகத் தந்தி ஊழியர் அனுப்புவார். அச்சகத்தில் லைனோடைப் இயந்திரம் வரிவரியாக ஈயத்தில் வார்க்கும்.

ஊரே தாம்சனைக் கொண்டாடியது. ஸ்மித்தின் கண் மைதானத்துக்குள் ஓடிய ஒரு குடிகாரர்மீதும் பட்டது. கடைசியில், அந்தப் பந்தை வீசிய ரால்ஃப் பிராங்காவிடம் வந்து நின்றது. உடைமாற்றும் அறையை நோக்கித் திரும்பி நடக்கிறார் பிராங்கா. அவர் சட்டையில் இருந்த எண் 13. அந்த எண்ணோடு பத்தி முடிகிறது. ‘ஐயோ பாவம்’ என்று ஒரு சொல் கிடையாது.

1957-க்குப் பிறகு இரண்டு அணிகளும் கலிஃபோர்னியாவுக்குப் போயின. 1964-ல் மைதானத்தை இடித்தார்கள். 1966-ல் ஹெரால்ட் ட்ரிப்யூனும் மூடப்பட்டது. அந்தப் பந்து யாரிடம் போனதென்று இன்றுவரை உறுதியாகவில்லை. அந்தப் பருவத்தில் ஜயன்ட்ஸ் அணி தொலைநோக்கி வைத்து எதிரணி கேட்சரின் சைகைகளைத் திருடியதை 2001-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் விரிவாக வெளியிட்டது. வெற்றியின் மீதே நிழல் விழுந்தது. ஸ்மித் காட்டிய முதுகின் மீது விழவில்லை.

1971-ல் நியூயார்க் டைம்ஸில் சேர்ந்த ஸ்மித், 1976-ல் தம் பத்திகளுக்காகப் புலிட்சர் பரிசு பெற்றார். 1982 ஜனவரியில் கடைசிப் பத்தி வெளியான சில நாட்களில் காலமானார். ஒரு காலைப் பொழுதுக்கென எழுதிய அந்த 1951 பத்தியோ தொகுப்பு நூல்களில் ஏறி இன்றும் வாசிக்கப்படுகிறது.

விளையாட்டு எழுத வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுக்க விரும்புவது இதைத்தான். ஸ்கோர் எப்படியும் ஊருக்குத் தெரிந்துவிடும். தோற்றவர் எந்த வழியாக வெளியே நடந்தார் என்று பார்க்க ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும்.